ஆடிக்கு முன்னால் ஒரு வீடு

ஜூன் 9, 2024, ஞாயிறு

தண்ணீர்க் காசு கொடுக்க மாடிக்குப் போனேன். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். "விசேஷமாமே?" என்றார். ஐந்தாம் மாதம் நடக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்க பூஜை ரூம் உங்க பெட்ரூமுக்கு நேர் மேல இருக்கு. பிள்ளை பெத்து நேரா இங்க வந்தா தீட்டு, எங்களுக்கு ஒத்துவராது. ஆடி பிறக்கறதுக்குள்ள வேற இடம் பார்த்துக்கோங்க."

கொஞ்ச நேரத்தில் இன்னொரு காரணமும் வந்தது. குழந்தை வந்தால் என் அம்மா வந்து தங்குவார், தினமும் துணி துவைக்க வேண்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். "அக்ரிமென்ட்ல ரெண்டு பேர்னுதான எழுதியிருக்கு?"

ஆதம்பாக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாடகை 14,000, ஒரு மாதம்கூடத் தள்ளிக் கொடுத்ததில்லை. ராத்திரி மாமியாரிடம் போனில் சொன்னபோது அவர் பதறிவிட்டார். "மாசமா இருக்கறப்ப வீடு மாத்தவே கூடாதும்மா, அங்கயே எப்படியாவது இருந்துக்கோங்க" என்றார். ஒருவர் போகச் சொல்கிறார், இன்னொருவர் நகரக்கூடாது என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இவர் ஆபீசிலிருந்து வந்ததும் இருவரும் உட்கார்ந்து வாடகைச் சட்டத்தைப் படித்தோம். தமிழ்நாட்டில் 2017இல் போட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தெந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் வரிசையாக இருக்கிறது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுவது, இடித்துக் கட்டுவது, சொந்தத் தேவை என்று போகிறது. குழந்தை பிறக்கப் போகிறது என்பது அதில் எங்கும் இல்லை. தகராறு இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது என்றும் இருக்கிறது.

ஆனால் எங்கள் ஒப்பந்தம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய பதினொரு மாதக் காகிதம், அதுவும் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை. இதை வைத்துக்கொண்டு சண்டை போடலாம்தான். பிரசவம் முடிந்து பச்சை உடம்போடு, தலைக்கு மேலே நம்மை வேண்டாம் என்பவர்களை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? வீடு தேடுவோம் என்று நான்தான் சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் பிரசவம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதனால் மின்சார ரயிலுக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். பழவந்தாங்கல், நங்கநல்லூர் பக்கம் இன்று ஐந்து வீடு பார்த்தோம். ஒன்று மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒன்றில் குழாயைத் திறந்து வெள்ளை மக்கில் பிடித்துப் பார்த்தேன், தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஒன்றில் சைவம் மட்டும். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பேர்?" ரெண்டு பேர் என்று இவர் சொல்வார். அவர்கள் கண் என் வயிற்றுக்கு வரும். அப்புறம், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

புரோக்கர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்: "இப்ப எதுவும் சொல்லாதீங்க மேடம். துப்பட்டாவை நல்லா விரிச்சுப் போட்டுக்கோங்க. உள்ள வந்தப்புறம் யார் என்ன பண்ண முடியும்?" அப்படியே போனேன். நல்ல வீடு, காற்றோட்டம், கிழக்குப் பார்த்த சமையலறை. "குழந்தைங்க இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். 5,000 டோக்கன் கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து படுத்தபோது உள்ளே மீன் துள்ளுவது போல ஓர் அசைவு. வாயுவா, குழந்தையா தெரியவில்லை. குழந்தைதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டேனே.

சாயங்காலமே அந்த அம்மாவுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். கோபப்படவில்லை. அவர் கணவருக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி சத்தம் தாங்கமாட்டார் என்றார். டோக்கனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இனி எந்த வாசலிலும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஜூலை 3, புதன்

ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு கையை முகத்துக்கு முன்னால் வைத்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் வீடு மாறுவதைச் சொன்னேன். பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) மாறாது, புதுப் பகுதி நர்ஸிடம் விலாசத்தை மட்டும் மாற்றிக்கொள் என்றார். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்பதால் பயந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

நங்கநல்லூரில் ஒரு சின்னத் தெரு. கேட்டில் கரித்துண்டால் 'டு லெட்' என்று எழுதிய அட்டை. தரைத்தளம். ஓய்வுபெற்ற டீச்சர், பின்கட்டில் தனியாக இருக்கிறார்.

"எத்தனை பேர்?"

"இப்ப ரெண்டு பேர்ம்மா. நவம்பர்ல மூணு. எங்க அம்மா மூணு மாசம் வந்து இருப்பாங்க, அப்ப நாலு" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் என் காலைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்து வீங்கியிருந்தது. "முதல்ல உட்காரு. எங்கேர்ந்து நடந்து வரீங்க?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு அவரே வீட்டைக் காட்டினார். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள், சம்ப் இருக்கிறது. கரண்டுக்குத் தனி மீட்டர். பழைய வீட்டில் சப்மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார்கள். அரசு தரும் இலவச 100 யூனிட் எங்களுக்கு வந்ததே இல்லை. உள் அறையில் நின்று, "மேல பாரு" என்றார். உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. பலமுறை சுண்ணாம்பு அடித்ததில் அதன் கழுத்து தடித்திருந்தது. வளைவின் உட்பக்கம் மட்டும் கயிறு உரசி உரசிப் பளபளவென்று இருந்தது.

"என் ரெண்டு பசங்க, பேரன், எல்லாரும் இதுல தூங்கினதுதான்."

வாடகை 16,000. அட்வான்ஸ் மூன்று மாதம், சட்டத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று அவரே சொன்னார். பதிவும் செய்துகொள்ளலாம் என்றார்.

ஜூலை 12, வெள்ளி

விடிவதற்கு முன் பால் காய்ச்சினோம். மாமியார் வந்திருந்தார். அவர் மனசு சமாதானமாகட்டும் என்று நான் ஒரு சாமானும் தூக்கவில்லை, நிறைகுடத்தோடு வாசல் தாண்டியதோடு சரி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பழைய வீட்டு அட்வான்ஸ் ஒரு லட்சத்தில் 86,000 வந்தது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரில் நாங்கள் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. அந்தப் பணம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

வாடகை ஒப்பந்தம் பதிவாகி எண் வந்துவிட்டது. குடியிருப்போர் என்ற இடத்தில் டீச்சரம்மா தன் கையாலேயே '3, உடன் தாயார்' என்று எழுதினார்.

மத்தியானம் இவர் ஸ்டூலில் ஏறி, கொக்கியில் கயிறு கட்டி, என் அம்மாவின் பழைய சுங்கடிப் புடவையைத் தொங்கவிட்டார். 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையை அதில் வைத்து கால்மணி நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கீழே பாயில் படுத்து கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.