பட்டறையில் ஒரு வாரம்: மேசைப் பலகை, டிராயர், கால் ஆடும் நாற்காலி

இந்த வாரம் பட்டறையில் நான்கு வேலைகள் ஒன்றாக ஓடின. தேக்கில் ஒரு பெரிய மேசைப் பலகை, கட்டிலோரப் பெட்டிக்கு இரண்டு டிராயர், ஒரு புத்தக அலமாரி, கால் ஆடும் பழைய நாற்காலி ஒன்று. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடலாமே என்று கேட்பார்கள். சின்னப் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. பசை காய ஒரு நேரம், எண்ணெய் காய ஒரு நேரம், மரம் அறைக்குப் பழக ஒரு நேரம். ஒன்று காயும் இடைவெளியில் இன்னொன்றைச் செருகத் தெரிந்தால்தான் வாரக் கடைசியில் ஏதாவது வாசலைத் தாண்டும். எந்த வேலை எப்போது என்று முடிவு செய்வது நானில்லை, ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் காலியாகும் நேரம்தான்.

மேசையில் தொடங்குகிறேன், அதிக நேரம் தின்றது அதுதான். அகலம் 900 மி.மீ. பலகைகள் முந்தைய வாரமே வந்துவிட்டன. அடுக்குக்கு இடையில் ஒரே தடிமனில் குச்சி வைத்து, நாலு பக்கமும் காற்று போகும்படி விட்டிருந்தேன். ஈரப்பத மீட்டர் 14 சதவீதம் காட்டியது. மேசை போய்ச் சேரப்போவது பெரும்பாலும் குளிரூட்டி ஓடும் அறைக்கு. அங்கே மரம் 10 சதவீதம் வரை இறங்கலாம். நாலு சதவீதம் என்றால் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் தேக்குப் பலகை தட்டையாக (வருட வளையங்களைத் தொட்டுச் செல்லும்படி) அறுத்ததாக இருந்தால், 900 மி.மீ. அகலத்தில் அது கிட்டத்தட்ட 6, 7 மி.மீ. சுருக்கம். நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், எல்லா அசைவும் அகலத்தில்தான். இத்தனைக்கும் தேக்கு சாது. மற்ற பல மரங்கள் இதைவிட ஆடும்.

ஒட்டவேண்டிய விளிம்புகளை இழைப்புளியால்தான் நேராக்கினேன். அடுத்தடுத்து வரும் இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல மடித்து, விளிம்புகள் மேலே வர, சேர்த்து ஒரே இழுப்பில் இழைத்துவிட வேண்டும். இழைப்புளி அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. ஒன்றில் கூடிய சாய்வு மற்றதில் அதே அளவு குறைந்திருக்கும். விரித்துச் சேர்த்தால் மேல்பரப்பு நேராகவே வரும். அப்புறம் நடுவில் மட்டும் ஒரு மெல்லிய சீவல் கூடுதலாக எடுத்தேன். பலகைகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் ஒரு நூல் அளவு ஒளி தெரிய வேண்டும், இரண்டு முனைகளும் இறுக்கமாக முட்ட வேண்டும். மரத்தின் முனை, பக்கவாட்டுப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை விடும். அதனால் முனைகள்தான் முதலில் சுருங்கிப் பிரியப் பார்க்கும். அங்கே கொஞ்சம் அழுத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைப்பதுதான் இந்தத் தந்திரம்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் விளிம்பை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தேன். துணி மஞ்சள் பழுப்பாக மாறியது, எவ்வளவு எண்ணெய் மேலே வந்திருக்கிறது என்று அதிலேயே தெரியும். கிளாம்பை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் பலகை வில்லாக வளையாது. பசை ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றும் அளவுக்குப் பிடித்துவிடும். ஆனால் உடனே இழைத்துச் சமன்செய்யக் கூடாது. பசையில் இருக்கும் நீரைக் குடித்து ஒட்டுக்கோட்டின் ஓரம் லேசாக உப்பியிருக்கும். அதை அப்போதே இழைத்துச் சமமாக்கினால், இரண்டு நாள் கழித்து அந்த இடம் காய்ந்து இறங்கி, பாலிஷ் போட்ட பிறகு விளக்கொளியில் கோடு கோடாகத் தெரியும். அதனால் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டிராயருக்குப் போய்விட்டேன்.

டிராயரின் மூலைகள் புறாவால் இணைப்பு, அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது. கடின மரம் என்பதால் சாய்வு 1-க்கு 8. மென்மரம் என்றால் 1-க்கு 6 வைப்பது வழக்கம். வாலை முதலில் அறுத்து, அதையே அச்சாக வைத்துக் கத்தி முனையால் அடுத்த பலகையில் கோடு போட்டேன். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது. உளியால் நடுப்பகுதியை எடுக்கும்போது பலர் முதல் அடியையே கோட்டில் வைப்பார்கள். உளி ஆப்பு வடிவம். சாய்ந்த பக்கம் மரத்தை நெருக்க, உளி பின்னால் தள்ளி, கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். முதலில் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கொட்டாப்புளியால் தட்டி, சக்கையை எடுத்த பிறகு, மீதியைக் கோட்டில் வைத்து மெல்லச் சீவினால் ஓரம் கத்தியாக நிற்கும். பாதி ஆழம் ஒரு பக்கம், பலகையைத் திருப்பி மீதி மறுபக்கம். இல்லாவிட்டால் அடிப்பக்கம் பிய்ந்துகொண்டு வரும்.

அடிப்பலகைக்குப் பிளைவுட் போட்டிருக்கலாம், வாடிக்கையாளர் முழு மரம்தான் வேண்டும் என்றார். அப்படியென்றால் இழை ஓட்டம் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். விரிவு முன்னும் பின்னும் நடக்கும். அடிப்பலகையைப் பின்பக்கப் பலகைக்கு வெளியே நீட்டி, நீள்துளையில் ஒரே ஒரு திருகு. முன்பக்கக் காடியில் (நீளப் பள்ளத்தில்) மட்டும் பசை. டிராயரின் பக்கப் பலகைகளும் உயரவாக்கில் வீங்கும் என்பதால் மேலே சின்ன இடைவெளி விட்டாக வேண்டும். பக்கவாட்டில் அவ்வளவு தேவையில்லை, அங்கே மிக நெருக்கமாகவே போகலாம். கடைசியில் மெழுகு தேய்த்து ஒரு டிராயரைத் தள்ளினேன், மேலே இருந்த மற்றது காற்றழுத்தத்தில் தானாக ஒரு விரற்கடை வெளியே வந்தது. இதைப் பார்ப்பதற்காகவே டிராயர் செய்யலாம்.

அலமாரியில் வேலை குறைவு, பேச்சுதான் அதிகம். 1200 மி.மீ. நீளத் தட்டு, நடுவில் தாங்கல் கூடாது, 18 மி.மீ. பலகை போதும் என்றார்கள். தட்டு முழுக்கப் புத்தகம் என்றால் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் (நீளத்தை நான்கு முறை பெருக்கிய கணக்கில்) ஏறும். 900-லிருந்து 1200-க்குப் போனால் மூன்று மடங்குக்கும் மேல். தடிமனோ மூன்றாம் அடுக்கில் காப்பாற்றும். 18-ஐ 25 ஆக்கினால் தொய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 25 என்று முடிவானது, கூடவே முன் விளிம்பின் கீழே 40 மி.மீ. உயரப் பட்டி ஒன்று. பார்வைக்கும் அதுதான் அழகு. சுவர் நேராக இல்லாததால் பக்கச் சட்டத்தைச் சுவரோடு வைத்து, காம்பஸால் வளைவை வரைந்து, அதன்படி இழைத்துக்கொண்டேன்.

நாற்காலியைத் திறந்து பார்த்தபோது யாரோ முன்பே பசையை ஊற்றி வைத்திருந்தார்கள். பழைய வெள்ளைப் பசைமேல் புதிய வெள்ளைப் பசை பிடிக்காது. சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, இளகியதும் சுரண்டி, வெறும் மரம் தெரியும் வரை சுத்தம் செய்தேன். இந்த மாதிரி மூட்டு ஆடத் தொடங்குவதற்குப் பசை காரணமில்லை. ஈரக் காலத்தில், மூட்டின் துளைக்குள் நுழைந்திருக்கும் குச்சி உப்பித் துளையின் சுவரில் நசுங்கும், வறண்ட காலத்தில் சுருங்கும்போது நசுங்கிய இடம் மீளாது. வருடக்கணக்கில் இது நடந்தால் துளை பெரிதாகி, குச்சி சிறுத்துவிடும். குச்சி முனையில் ஒரு கீறல் அறுத்து, உள்ளே மெல்லிய ஆப்பு ஒன்றை நுனியில் செருகி, அப்படியே துளைக்குள் அடித்தேன். துளையின் அடி ஆப்பைத் தள்ள, குச்சி உள்ளே விரிந்துகொள்கிறது. ஒருமுறை போனால் திரும்ப வராது, அதனால் பசை இல்லாமல் ஒத்திகை பார்க்கவும் முடியாது. ஆப்பின் தடிமனைத் துளையின் அடி அகலத்தோடு அளந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உப்புத்தாள் வேலை நாளில் முகமூடி கழற்றவே இல்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. தரையில் தெரியும் தூளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பதுதான் நுரையீரலுக்குள் போகும்.

மேசைப் பலகைக்கு நீர் தெளித்து, எழுந்த இழையை 220 எண் தாளால் தடவி, ஆளி விதை எண்ணெய் முதல் பூச்சு போட்டாயிற்று. துடைத்த துணிகளை உருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் காய்வது ஆக்சிஜனோடு சேர்வதால்தான், அதில் சூடு பிறக்கும். குவியலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடியாயிற்று.

மேசைச் சட்டத்தோடு பலகையை நேராகத் திருகி முடுக்கவில்லை. சட்டத்தின் உட்பக்கக் காடியில் நாக்கு நுழையும் சின்ன மரக்கட்டைகள் செய்து, அவற்றைத்தான் பலகையில் திருகப் போகிறேன். பலகை அகலத்தில் நகரும்போது கட்டையின் நாக்கும் காடிக்குள் நகரும். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு பூச்சு பாக்கி. டிராயருக்குக் கைப்பிடி கடைந்த குமிழா, நீளப் பட்டியா என்று வாடிக்கையாளர் இன்னும் சொல்லவில்லை. சொன்னால்தான் துளை போடுவேன்.