பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குறவங்க கவனத்துக்கு

கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய மைக் செட் கடையில வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுல ஓடுற ஆம்ப்ளிஃபயர்) கிடைச்சா, உடனே பிளக்கில் சொருகாதீங்க. வருஷக்கணக்கா சும்மா கிடந்ததில் ஃபில்டர் கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி சீராக்குற பாகம்) காய்ஞ்சிருக்கும். 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல (கரண்ட் பல்பு வழியா ஆம்புக்குப் போற மாதிரி) போட்டு ஆன் பண்ணுங்க. பளிச்னு எரிஞ்சு மங்கினா நல்லது. விடாம முழுசா எரிஞ்சா உள்ளே ஷார்ட்.

ஸ்பீக்கர் மாட்டாம ஓட்டவே கூடாது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனா மாத்து கிடைக்கிறது பெரும்பாடு.

ஈஎல் 34 பவர் வால்வுக்குள்ள இருக்கிற பிளேட் (உலோகத் தகடு) சிவக்குதா? வால்வை மாத்தாதீங்க, முதல்ல கப்ளிங் கண்டென்சரை (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் வால்வுக்கு விடுற பாகம்) பாருங்க. அது கசிஞ்சு கிரிட்டுக்கு (வால்வோட கரண்டைக் கட்டுப்படுத்துற கம்பி வலை) டிசி போகும். அதை மாத்த 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சர் போதும்.

நம்மூர் ஈரத்துக்கு வால்வு சாக்கெட்ல களிம்பு ஏறியிருக்கும், கான்டாக்ட் கிளீனரால துடைங்க. கை வைக்கிறதுக்கு முன்னாடி 10கே (10,000 ஓம்), 10 வாட் ரெசிஸ்டரால ஃபில்டர் கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பாருங்க. ஆஃப் பண்ணாலும் 400 வோல்ட் நிக்கும், உயிருக்கே ஆபத்து.