பதினாறு வயது எனக்கு

நேற்று இரவு மகள் கேட்டாள்: "பதினோராம் வகுப்பில் இருந்த உங்களை இப்போது பார்த்தால் என்ன சொல்வீர்கள், அப்பா?" "ஒழுங்காகப் படி" என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அது அவளுக்குத் தினமும் கிடைக்கிறது.

1991. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் என்று சொன்ன வருடம். டீக்கடை முழுக்க அதே பேச்சு. நானோ, சைக்கிளுக்கு டைனமோ விளக்கு வாங்கித் தரவில்லை என்று அப்பாவிடம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

டேய், அந்த வீம்பை விட்டுவிட்டுக் களத்துக்குப் போ. காயப்போட்ட நெல்லில் நாலு மணி எடுத்து அப்பா கடைவாயில் கடிப்பார். 'கடுக்'கென்று உடைந்தால் மூட்டை பிடிக்கலாம். நசுங்கினால் இன்னொரு வெயில். கொள்முதல் நிலையத்தில் இப்போது கருவி வைத்துப் பார்க்கிறார்கள், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போன தையில் நானும் கடித்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றேன். கருவி 19 காட்டியது.

நீச்சலும் கற்றுக்கொள். பாமணியாற்றுப் படித்துறையில் ஜலதோஷம் என்று பொய் சொல்லி மற்றவர்களின் துணிக்குக் காவல் இருந்தது போதும்.

அப்புறம், தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பிய அன்று, நடவிலிருந்து கணுக்கால் சேறோடு அப்பா வந்தபோது வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்தாயே, போய்ப் பக்கத்தில் நில். அவர் பார்த்துவிட்டார். கடைசி வரை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு மகள், "தாத்தா எந்தப் பக்கப் பல்லில் கடிப்பார்?" என்றாள்.

வலது பக்கம்.