கண்ணாடிக்குள் ஆவி

ரோலெக்ஸ் சப்மரீனரைப் பார்த்துச் செய்த, பெயரில்லாத டைவ் வாட்ச் ஒன்று என்னிடம் இருக்கிறது. போன ஜூலை மழையில் மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்ததற்கே கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. டயலில் 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று போட்டிருக்கிறது, சிரிக்காதீர்கள். பக்கத்துக் கடை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பார்ட்ஸ் வராது தம்பி, புதுசு வாங்கிக்க" என்றார்.

பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஓடுவது சீகோவின் என்ஹெச்35 என்ற இயந்திரம். நல்லவேளை, அதற்கு உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், மணி, நிமிட, நொடி முள்களின் துளைகூட முறையே 1.5, 0.9, 0.2 மில்லிமீட்டர் என்று மாறாத அளவு. வெளிக்கூடான கேஸ்தான் யார் செய்தது என்றே தெரியாததால் கிரௌன் (பக்கத்தில் திருகும் குமிழ்), ஓ-ரிங் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாவற்றையும் காலிப்பரால் அளந்து ஆன்லைனில் வரவழைத்தேன்.

கிரௌனை உள்ளே இயந்திரத்தோடு இணைக்கும் மெல்லிய தண்டான ஸ்டெம்மை வெட்டுவதுதான் கண்டம். பழையதை அருகில் வைத்துக் கொஞ்சம் நீளமாக வெட்டி, பிறகு அரத்தால் தேய்த்துக் குறைக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரே வெட்டாக வெட்ட, அரை மில்லிமீட்டர் குறைந்துபோய் கிரௌன் சும்மா சுற்றியது. இரண்டாவது ஸ்டெம்முக்கு எட்டு நாள் காத்திருந்தேன். அப்புறம் ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவி மூடினேன், கிரௌன் சரியாகத் திருகிக்கொண்டது.

தண்ணீரில் இன்னும் இறக்கவில்லை. காற்றழுத்தத்தில் சோதித்துத் தருபவர் யாராவது தாதர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.