மூன்றாவது முடிச்சு யாருக்கு?

கல்யாண வேலையைப் பங்கு போடும்போது முதலில் பேசி முடிக்க வேண்டியது நாத்தனார் முடிச்சு. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், பின்னால் நிற்கிற அவர் அக்காவோ தங்கையோ மற்ற இரண்டையும் போடுவது நம்மூரில் பல வீடுகளில் வழக்கம். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள்களில் யார் என்று கேள்வி வரும், அங்கேதான் மனக்கசப்பும் ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டால், மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் யாரோ அவளுக்குத்தான் அந்த இடம். அவள் கணவனை இழந்தவளாக இருந்தாலும் சரி. தம்பி கல்யாணத்தில் அவளைத் தூண் ஓரமாக நிற்க வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது, மாப்பிள்ளையே வாய் திறந்து "அக்காதான் முடிச்சுப் போடணும்" என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

பொரியிடப் பெண்ணின் தம்பி, மாலைக்குத் தாய்மாமன், அதில் குழப்பமில்லை. ஒரே நிறப் புடவையில் தோழிகள் நிற்பதும் அழகுதான். ஆனால் ஒருத்தியையாவது மேடையிலேயே இருக்கச் சொல்லுங்கள். தாலி கட்டும் நேரத்தில் கனமான மாலையையும் பூச்சடையையும் தூக்கிப் பிடிக்காவிட்டால், நாத்தனாருக்குக் கயிறே கண்ணில் படாது.