டைட்டானியம் பழகிய கை

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில்தான் நான் தொழில் பழகினேன். ஐடிஐ முடித்த கையோடு, உலோகத்தைச் சுழலவிட்டு வெட்டுகிற லேத்தில் நிறுத்திவிட்டார்கள். முழுக்க வார்ப்பிரும்பு. சாயங்காலம் குளித்தால் கறுப்புத் தண்ணீர் ஓடும். ஆறு வருஷம் அப்படியே போனது. வார்ப்பிரும்பு தங்கமான உலோகம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். சீவி வரும் சிப் தூளாக உதிரும். வெட்டுகிற டூல் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் சமாளித்துக்கொண்டு வேலை நடக்கும்.

அப்புறம் எலும்பு முறிவுக்கு வைக்கும் ஸ்குரூ, பிளேட் எல்லாம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள், மெஷின்களை வேலைக்கு அமைத்துக் கொடுக்கும் செட்டர் அண்ணன் ஒரு கம்பியைக் கையில் கொடுத்து, "தூக்கிப் பாருங்க தம்பி" என்றார். ஸ்டீல் என்று நினைத்துப் பிடித்த கைக்கு அது வெறுங்கை மாதிரி இருந்தது. எடை ஸ்டீலில் பாதிக்குச் சற்றே மேல். டைட்டானியம் கலவை அது. நூற்றுக்கு 6 பங்கு அலுமினியம், 4 பங்கு வனேடியம், மீதி டைட்டானியம். உடம்புக்குள் வைக்கிற ரகத்துக்கு ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று தனித் தரம் உண்டு. அதில் ஆக்ஸிஜன் 0.13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உலோகம் முறுகலாகிவிடும்.

பழைய பழக்கத்தில் நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகம் போட்டு ஓட்டினேன். இரண்டே நிமிடத்தில், டூல் நுனியில் மாட்டுகிற இன்சர்ட் என்ற கார்பைடு வில்லையின் முனை காணாமல் போயிற்று. அண்ணன் திட்டவில்லை. வேகத்தை 50-க்கு இறக்கிவிட்டு, "சிப்போட நிறத்த மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிறத்தைப் பார்க்க எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பம்ப் பட்டறையில் எப்போதாவது ஸ்டீல் ஷாஃப்ட் வரும். சுருள் நீலமாக விழுந்தால் சூடு சுருளோடு வெளியே போகிறது என்று நிம்மதியாக இருப்போம். டைட்டானியத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சூட்டைக் கடத்துவதில் அது சாதாரண ஸ்டீலில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். வெட்டும் இடத்தில் பிறக்கிற சூடு சுருளிலும் போகாது, வெட்டுப்படுகிற ஜாபிலும் பரவாது. பெரும்பாலும் டூல் முனையிலேயே உட்கார்ந்துவிடும். சூடேறிய டைட்டானியம் டூலில் போய் ஒட்டும். பிய்ந்து வரும்போது கார்பைடையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் இங்கே சிப் வெள்ளியாகவே விழ வேண்டும். மஞ்சள் தட்டினால் கையை மெஷினை நிறுத்தும் பொத்தானுக்குக் கொண்டு போக வேண்டும்.

அடுத்த தொல்லை, இது வளையும். ஸ்டீலின் விறைப்பில் பாதிதான் இதற்கு. 4.5 மில்லிமீட்டர் ஸ்குரூவில் மரை வெட்டப் போனால் ஜாப் டூலுக்குப் பயந்து ஒதுங்குகிற மாதிரி நகரும். டூல் கடந்ததும் பழைய இடத்துக்கு வரும். அளந்தால் நடுவில் தடித்து, முனையில் சரியாக இருக்கும். இதற்காகத்தான் ஸ்லைடிங் ஹெட் லேத். கம்பி, அதைத் தாங்கிப் பிடிக்கிற கைடு புஷ் ஒன்றின் வழியாக நகர்ந்து வரும். டூல் அந்த புஷ்ஷை ஒட்டியே வெட்டுவதால் வளைய இடம் இருக்காது. மரைக்கு, உட்பக்கம் பார்த்த இன்சர்ட்டுகள் பொருத்திய வளையம் ஒன்று சாய்ந்து நின்று கம்பியைச் சுற்றிச் சுழலும். ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் வெட்டிவிடும். முதன்முதலில் அது வேலை செய்வதைப் பார்த்தபோது சாப்பாட்டு மணி அடித்தும் நான் நகரவில்லை.

இரண்டு வருஷம் இந்த உலோகத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் ஒன்று பிடிபட்டது. எந்தக் குணம் என்னைப் படுத்துகிறதோ, அதே குணத்துக்காகத்தான் இதை உடம்புக்குள் வைக்கிறார்கள். வளைகிறது என்று நான் நொந்துகொள்கிறேன். எலும்புக்கு அதுதான் வேண்டும். பிளேட் ரொம்ப விறைப்பாக இருந்தால் பாரம் முழுவதையும் பிளேட்டே தாங்கிக்கொள்ளும். வேலை இல்லாத எலும்பு நாளாக நாளாக மெலியும். கண்டதோடும் போய்ச் சேர்கிற அதன் வேதிக் குணம் எனக்கு டூல் செலவு. ஆனால் காற்றுப் பட்ட நொடியில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்வதும் அதே குணம்தான். கீறினாலும் படலம் உடனே மறுபடி வந்துவிடும். உடம்பின் உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அரிக்காமல் காப்பது அந்தப் படலமே. 1952-ல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். திரும்ப எடுக்கப் பார்த்தால் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965-ல் முதல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேர் வைத்தது அதிலிருந்து வந்ததுதான்.

கோபால்ட் குரோம் என்ற கலவையும் அப்படியே. இடுப்பு மூட்டுக்கு வைக்கிற பந்து அதில்தான் செய்வோம். டூல் ஒரு நொடி வெட்டாமல் தேய்த்தால் போதும், அந்த இடத்தின் தோல் இறுகிவிடும். அடுத்த ஓட்டத்தில் டூல் அதில் மோதி, சரியாக அந்த ஆழத்தில் பள்ளம் விழும். ஆழத்தை ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நான் கண்ட வழி. மூட்டுக்குள் வருஷக்கணக்காக உரசியும் தேயாமல் இருப்பதற்கு அந்தக் கடினம் வேண்டும். பந்தின் மேற்பரப்பை 0.05 மைக்ரானுக்குள் மெருகேற்றி முடிப்போம்.

ஒரு ராத்திரி ஷிப்டில் தீப்பிடித்தது. மழுங்கிய டூல், பஞ்சு போல மெல்லிய சிப், எண்ணெய். தள்ளுவண்டியில் குவிந்திருந்த சிப்புக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம். உதவிக்கு இருந்த பையன் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தான். அண்ணன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எரிகிற டைட்டானியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். காய்ந்த மணலைக் கொட்டி மூடி, ஆறும்வரை யாரும் கிட்டப் போகவில்லை. அன்றிலிருந்து ஷிப்ட் முடிவில் சிப்பை அள்ளி மூடி போட்ட டிரம்மில் சேர்க்காமல் நான் கை கழுவியதில்லை.

ஆனால் தீயைவிட என்னை உலுக்கியது வேறு. ஸ்குரூவின் தலையில் ஸ்க்ரூடிரைவர் உட்காருவதற்கு அறுகோணக் குழி இருக்கும். முதலில் துளை போட்டு, அப்புறம் புரோச் என்ற அறுகோண டூலை வைத்து அழுத்தி ஆறு மூலையை எடுப்போம். சீவி வரும் சிப் குழியின் அடியில் போய்ச் சுருண்டு கிடக்கும். அதை எடுத்தாக வேண்டும். அளவு பார்க்கிற கோ கேஜ் குழியின் வாயில் நுழைந்தால் சரி என்று விட்டுக்கொண்டிருந்தோம். ஆழத்தை 20-க்கு ஒன்று மட்டும் பார்ப்போம்.

ஒரு நாள் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் கம்பெனிக்கே வந்தார். குழி உரிந்துபோன எங்கள் ஸ்குரூ ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அறுவையின் நடுவில் டிரைவர் நழுவியிருக்கிறது. அந்த ஒரு ஸ்குரூவைக் கழற்ற மட்டும் நாற்பது நிமிடம். எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் பெட்டியின் லாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு, கம்பி எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் ஹீட் எண், மெஷின், ஷிப்ட் என்று பதிவேட்டில் பின்னால் போனோம். கடைசி வரியில் என் கையெழுத்து. மிச்சமிருந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது சிலவற்றில் அடியில் சிப் ஒட்டிக் கிடந்தது. டிரைவர் பாதி ஆழம்தான் இறங்கியிருக்கும்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பயிற்சிக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை மேஜைமேல் வைத்து, என்னிடம் டிரைவரைக் கொடுத்து, "முடுக்கிப் பாருங்க" என்றார். முதலில் லேசாகப் போயிற்று. பிறகு மரை கடித்துப் பிடிக்கிற இடம் விரலுக்குத் தெரிந்தது. அங்கே நிறுத்த வேண்டும், இன்னும் கால் சுற்று போனால் எலும்பின் மரை உதிர்ந்துவிடும் என்றார். ரத்தத்துக்குள் எதுவும் தெரியாது, கையில் படுவதை நம்பித்தான் முடுக்குவாராம். மெஷின் கதவுக்கு வெளியே நின்று சத்தத்தை நம்பி டூல் மாற்றுகிற எனக்கு அது வேறு ஆள் விளக்க வேண்டிய விஷயமே இல்லை.

அந்த லாட் முழுவதையும் திரும்ப வாங்கினோம். புரோச்சுக்குப் பிறகு அடியை மறுபடி ஒரு டிரில்லால் சுத்தம் செய்து, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஆழ கேஜ் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு ஸ்குரூவுக்கு 11 விநாடி கூடும். மேனேஜர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினார். மருத்துவர் அந்த எலும்பை விட்டுப் போயிருந்தார். அடியில் சிப் இருந்த ஸ்குரூ ஒன்றைத் தேடி எடுத்து, டிரைவரோடு மேனேஜர் கையில் கொடுத்தேன். இரண்டாவது சுற்றிலேயே நழுவியது. எழுதிக் கொடுத்த தாளை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.