மஞ்சளை நீலத்தோடு குழைக்காதீர்கள், மேலே பூசுங்கள்

பச்சை வேண்டுமென்றால் தட்டில் மஞ்சளையும் நீலத்தையும் குழைப்பதுதான் வழக்கம். அடுக்கடுக்காகக் கட்டும் அரூப அக்ரிலிக் ஓவியத்தில் அது வேண்டாம். நீலத்தைப் பூசி முழுக்கக் காயவிட்டு, அதன்மேல் கண்ணாடிபோல மெல்லிய மஞ்சளைப் பூசுங்கள். குழைத்த பச்சை எங்கும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். அடுக்கிய பச்சை அடியில் இருப்பதைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். இந்த ஓவியத்தின் உயிரே அந்த மாற்றம்தான்.

நீலத்துக்கு அடியில் முதலில் கசங்கிய காகிதம் ஒட்டப் போகிறோம், அதனால் தொய்யும் கேன்வாஸைவிடப் பலகை நல்லது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு 2 தடவை, இரண்டாவது குறுக்கே. டிஷ்யூ காகிதத்தைக் கசக்கி விரித்து, பலகையில் மேட் மீடியம் (பளபளக்காத அக்ரிலிக் பசை) தடவி, காகிதத்தை வைத்து, மேலேயும் மீடியம் தடவ வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தினால் காற்று வெளியேறும். செய்தித்தாள் வேண்டாம், சில மாதங்களிலேயே பழுக்கும். இங்க்ஜெட்டில் அச்சிட்ட தாள் ஈரம் பட்டால் ஊறிப் பரவும். லேசர் அச்சு நிற்கும்.

காகிதம் காய்ந்ததும் நீலம். காகித முகடுகளில் மெலிந்து, சுருக்கங்களுக்குள் இறங்கும்படி நீர்த்துப் பூசினால் போதும். தாலோ நீலம் மிக வீரியமானது, அதென்றால் கடுகளவே அதிகம்.

மஞ்சளுக்கு 1 பங்கு வண்ணம், 8 பங்கு கிளேஸ் மீடியம் (வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கும் அக்ரிலிக் கலவை). வெறும் தண்ணீரில் இந்த அளவுக்குக் கரைத்தால் பிடிப்பு குறைந்து, அடுத்த பூச்சில் கரைந்து வரும். காட்மியம் மஞ்சள் அடியை மறைத்துவிடும், ஹன்சா மஞ்சள் ஒளியை விடும். சந்தேகம் இருந்தால் ஒரு கறுப்புக் கோட்டின்மேல் பூசிப் பாருங்கள்: கோடு தெளிவாகத் தெரிந்தால் அது ஒளி ஊடுருவும் வண்ணம். ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும் கிளேஸ் காய்ந்ததும் அடர்ந்துவிடும். பார்த்த உடனே இன்னும் கொஞ்சம் சேர்க்காதீர்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அவசரத்தில். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அடுத்த தூரிகை படும்போது அடித்தோல் சுருண்டு வந்துவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம்தான். சென்னையின் ஐப்பசி மழையில் ஓர் இரவாவது விடுங்கள். ஹேர் டிரையர் மேல்தோலை மட்டும் காயவைத்து ஏமாற்றும், மின்விசிறி நல்லது.

பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பருத்தித் துணியால் மெல்லத் துடையுங்கள். காய்ந்த அக்ரிலிக்கும் இதில் இளகும். முகடுகளில் இருந்த மஞ்சள் போய் அடியில் நீலம் தெரியும், இன்னும் தேய்த்தால் வெள்ளை. சுருக்கங்களுக்குள் மட்டும் நரம்புபோலப் பச்சை தங்கும். எங்கே வெள்ளை வேண்டும் என்று தேர்ந்து அங்கேயே நிறுத்தக் கை பழக வேண்டும்.

எழுத்து, குறி, கோடு எல்லாம் இதற்குப் பிறகு. 1966ல் சென்னையருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து படிப்பதற்காக இல்லை, கோடாகவே நிற்கிறது. அப்படி ஒரு கோட்டை ஆயில் பேஸ்டலில் போடுவதென்றால் அதைக் கடைசிக்கு வையுங்கள். அது முழுதாகக் காய்வதில்லை. மேலே அக்ரிலிக் பூசினால் ஒட்டாமல் ஏடு ஏடாக உரியும்.